தட்டில் ஒரு தீவு

மரத்தில் செய்த பருவ வட்டம்.
நான்கு துண்டு.
துளிர்காலம் பச்சை, கோடை மஞ்சள்,
இலையுதிர்காலம் செங்கல் நிறம்,
பனிக்காலத்துக்கு ஏனோ நீலம்.

தாலினிலிருந்து வந்த முதல் வருடம் எனக்கு.
ஹலிஸ்டே ஆற்றங்கரையில்
பழைய பால்பண்ணைக் கட்டடம், பதினோரு பிள்ளைகள்,
கதவோரம் பதினோரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
மாண்டிசோரி பயிற்சியில் சொன்னதில்
ஒன்றுதான் மனதில் நின்றது:
குழந்தை வேலையில் இருக்கும்போது
உன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்.

மார்ச் கடைசி.
"பனிக்கு அடுத்து?" என்று கேட்டாள் மாரெட்.
பச்சைத் துண்டை எடுக்க லீலோ எழுந்தாள்.
உகு அசையவில்லை.
நான்கு வயது. நாளொன்றுக்கு
ஏழெட்டுச் சொல்தான் செலவழிப்பான்.
அதில் ஒன்றை எடுத்து வைத்தான்:
"தண்ணி."

தண்ணிக்குத் துண்டு கிடையாது.
வட்டத்தில் இடமும் கிடையாது.

போய்ப் பாயை விரித்தான்.
தீவுத் தட்டைக் கொண்டுவந்தான்:
நடுவில் களிமண் மேடு,
சுற்றி ஊற்ற ஒரு குவளை நீலத் தண்ணீர்.
கோடு வரை ஊற்றினான்.
கோட்டைத் தாண்டினான்.
என் கைகள் முதுகுக்குப் பின்னால்
ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டன.
கரை போயிற்று. மேடு போயிற்று.
உச்சியில் அவன் நட்டுவைத்திருந்த பாசித் துணுக்கு
கொஞ்சம் தயங்கி
மிதந்தது.

அப்புறம் நடந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை.
மேலே காட்டில் பனி இளகியது,
குடித்தது போதுமென்று சதுப்பு நிலம் வாயை மூடிக்கொண்டது,
ஆறு எங்களைத் தேடி வந்தது.
சத்தமே போடாமல்,
தொங்கும் துணியின் ஓரத்தில் ஈரம் ஏறுவதுபோல்
புல் புல்லாக.
புதன்கிழமை சாலை போயிற்று.
வியாழனன்று ஊஞ்சல் பலகை
தன் நிழல்மேல் உட்கார்ந்தது.
வெள்ளி காலை ரன்னோவையும் அவன் தங்கையையும்
அவர்கள் அப்பா படகில் கொண்டுவந்து
வாசலின் மூன்றாம் படியில் இறக்கிவிட்டார்,
சாப்பாட்டுப் பைகளோடு,
ஏதோ பேருந்திலிருந்து இறக்குவதுபோல.

ஜன்னலில் பதினோரு மூக்கு.
சுற்றிலும் வானம் தரையில் கிடந்தது.
"தீவு" என்றாள் லீலோ.
தட்டில் படித்த சொல்
முதல்முறையாக அவள் காலடியில் இருந்தது.
பிறகு அவள் முகம் மாறியது.
"உகுதான் பண்ணான். நிறைய ஊத்திட்டான்."

யாரும் சிரிக்கவில்லை.
எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.
உகுவுக்கும்.

அலமாரிக்குப் போனான்.
சிந்தியதைத் துடைக்கும் மஞ்சள் ஸ்பாஞ்சு, ஒரு கிண்ணம்.
பூட்ஸை இடம் வலம் மாற்றி மாட்டினான்.
கை நீட்டினால் எட்டும் தூரத்தில்
நானும் பின்னால் போனேன்.
மூன்றாம் படியில் உட்கார்ந்து
ஸ்பாஞ்சை வெள்ளத்தில் அழுத்தினான்.
கிண்ணத்தில் பிழிந்தான்.
கற்றபடியே, கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்து.
அழுத்தினான். பிழிந்தான்.
இரண்டு நாரைகள் தலைக்குமேல் போயின,
நிமிரவில்லை.
கிண்ணம் நிரம்பியது.
எழுந்து, கொட்ட இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தான்.
எங்கும் தண்ணீர்.
உள்ளே வந்து சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டுத்
திரும்பிப் போனான்.

சொல்லியிருக்கலாம்.
காடு, பனி, ஆறு, மாதம்:
அதற்கான படங்கள்கூடப் பெட்டியில் உண்டு.
மாரெட் என்னைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்த்தேன்.
நான்கு கைகள், முதுகுக்குப் பின்னால்.

திங்கட்கிழமை,
சுவரோரம் நட்டிருந்த அளவுக் குச்சியில்
சிவப்பு நூலுக்குக் கீழே
ஒரு விரல் அகலம் ஈரத்தடம்.
நீர் இறங்கியிருந்தது.
லீலோ கூவி அழைத்தாள்.
உகு குனிந்து பார்த்தான். மறுபடி பார்த்தான்.
வேலை பாதியில் நிற்கும் ஆளின் முகம் அவனுக்கு.

"இன்னும் இருக்கு" என்றான்.
ஸ்பாஞ்சை எடுத்தான்.
இந்த முறை
கிண்ணம் லீலோவின் கையில்.